பள்ளி வாசலில் முடியும் சலுகை

ஜூன் முதல் வாரம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைவீதிக்குள் நுழைந்து, மளிகைக் கடைகளைத் தாண்டி ஒரு சந்தில் திரும்பினால் நான் வழக்கமாகப் போகும் ஜெராக்ஸ் கடை. பத்தாம் வகுப்புத் தமிழ்வழி மாணவர்கள் பதினெட்டுப் பேருக்கு, நாற்பது பக்கம் வீதம் படியெடுக்கப் போயிருந்தேன். அண்ணாச்சி தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: "டீச்சர், இது கடையில விக்கிற புஸ்தகத்துல உள்ள பக்கமில்லா? நான் அடிச்சுத் தந்தா கேசு கீசு ஒண்ணும் வராதே?"

"வராது அண்ணாச்சி" என்றேன். ஏன் வராது என்று எனக்குத் தெரியாது. இருபத்தோரு ஆண்டுகளாக உயிரியல் நடத்துகிறவள், தினமும் கையாளுகிற ஒரு சட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட அறியாமல் இருந்திருக்கிறேன். அன்று தொடங்கிய வாசிப்பு இது. பதிப்புரிமையும் திறந்த உரிமமும் பற்றி ஓர் ஆசிரியர் எதைக் கற்க வேண்டும், எந்த வரிசையில் கற்க வேண்டும், இப்போது நமக்குக் கிடைக்கும் வழிகளில் எது வகுப்பறைக்கு உதவுகிறது என்று எடைபோட்டு, ஒரு முடிவைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு குரல்கள்தான் கேட்கும். "யாரு வந்து பார்க்கப் போறா" என்பது ஒன்று. "எதுக்கு வம்பு" என்பது மற்றொன்று. முதல் குரல் எதையும் எடுத்துப் போடுகிறது. இரண்டாவது குரல் எதையும் எடுக்காமல் பாடநூலோடு நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே கற்க ஒரு வழி உண்டு. யாரும் எடுத்தாளலாம் என்று படைத்தவரே முன்கூட்டி அனுமதி தரும் திறந்த உரிமங்களை வகுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் நிறுவனம் 2018 முதல் ஆசிரியர்களுக்காகவே ஒரு சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. அதன் பாடங்களை யாரும் கட்டணமின்றி வாசிக்கலாம். பெயர் குறிப்பிட்டால் எடுத்தும் ஆளலாம். நல்ல பாடங்கள்தான். ஆனால் உலகம் முழுவதற்கும் எழுதப்பட்ட பாடம் என்பதால், ஒரு நாட்டின் சட்டம் தன் ஆசிரியருக்கு என்ன சலுகை தந்திருக்கிறது என்பதை ஆழமாகச் சொல்ல அதனால் இயலாது. அதை மட்டும் படித்துவிட்டு வரும் இந்திய ஆசிரியர், உரிமச் சின்னம் ஒட்டாத எதையும் தொடக் கூடாது என்ற பயத்தோடு வந்து சேர வாய்ப்பிருக்கிறது. நம் சட்டம் அவ்வளவு கஞ்சத்தனமானதல்ல.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு ஒரு நீண்ட பட்டியல். எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று அது அடுக்குகிறது. தனிப்பட்ட வாசிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம் ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாடு அதில் உண்டு. அதோடு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுத்தல், தேர்வு வினாத்தாளில் சேர்த்தல், விடைத்தாளில் எழுதுதல் ஆகியவையும் உண்டு. இத்தனை பக்கம், இத்தனை விழுக்காடு என்ற அளவு எதையும் அந்த உட்பிரிவு விதிக்கவில்லை.

இந்தச் சில சொற்களின் எடை என்ன என்பதை ஒரு ஜெராக்ஸ் கடைதான் நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது. தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் ராமேஸ்வரி போட்டோகாப்பி என்ற சிறு கடை. பேராசிரியர்கள் குறித்துக் கொடுத்த பகுதிகளைப் பக்கத்துக்கு 40 பைசா வீதம் படியெடுத்து, ஒன்றாகக் கட்டி மாணவர்களுக்கு விற்றது. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸும் அந்தக் கடை மீதும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை இயற்கையாகவோ தெய்வத்தாலோ வந்த உரிமையன்று, அறிவு பெருகுவதற்காகச் சட்டம் கொடுத்த உரிமை என்பது அவருடைய நிலைப்பாடு. நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொள்வது குற்றமில்லை என்றால், அதையே இயந்திரம் செய்வதாலேயே குற்றமாகிவிடாது என்றார். டிசம்பர் 9இல் மேல்முறையீட்டைக் கேட்ட நீதிபதிகள் பிரதீப் நந்த்ரஜோக், யோகேஷ் கன்னா அமர்வு இன்னும் நுட்பமான அளவுகோலைத் தந்தது. கற்பித்தலின் போக்கு என்பது மணி அடித்து மணி அடிக்கும்வரை நடக்கும் வகுப்பு மட்டுமல்ல. பாடத்திட்டத்தில் தொடங்கித் தேர்வு வரை நீளும் முழுப் பணி. எடுத்தது எவ்வளவு என்பதைவிட, கற்பித்தலுக்கு அது தேவைப்பட்டதா என்பதே கேள்வி.

இதே வகைக் கட்டுகளுக்காக அமெரிக்காவில் கிங்கோஸ் என்ற படியெடுக்கும் நிறுவனம் 1991இலும், மிச்சிகனின் இன்னொரு படியெடுக்கும் நிறுவனம் 1996இலும் வழக்கில் தோற்றன. அமெரிக்கக் கையேடுகளை வாசித்து நம் ஆசிரியர்கள் பயப்படுவது எவ்வளவு பிழை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். எங்கள் கேரள உயர் நீதிமன்றமும் இந்தத் துறையில் ஒரு நல்ல தடம் பதித்திருக்கிறது. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற மலையாள நாடகத்துக்கு எதிர்நாடகமாக சிவிக் சந்திரன் எழுதியதைத் தடுக்கக் கோரிய வழக்கில், 1996இல் வந்த தீர்ப்பு அது. எடுத்ததின் அளவும் மதிப்பும், எடுத்த நோக்கம், மூலத்தோடு சந்தையில் போட்டியிடும் வாய்ப்பு என்ற மூன்றையும் வைத்து நியாயத்தை அளந்தது. மூல நாடகத்தின் பாத்திரங்களையும் வசனங்களையும் எடுத்து, அவற்றையே கேள்வி கேட்ட படைப்பு பிழைத்தது. மொழிப்பாட ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பேன். ஒரு கதைக்கு எதிர்க்கதை எழுதச் சொல்லும்போது மாணவரின் முதுகுக்குப் பின்னால் இந்தத் தீர்ப்பு நிற்கிறது.

ஆனாலும் தில்லித் தீர்ப்பை ஆசிரியரின் முழு விடுதலைப் பத்திரமாக எண்ணிவிட முடியாது. எடுத்த பகுதிகள் உண்மையில் பாடத்துக்குத் தேவைப்பட்டவைதானா என்பதை விசாரிக்கும்படி அமர்வு வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன. அந்த விசாரணை நடக்கவே இல்லை. தவிர, ஓர் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு மற்ற மாநிலங்களில் மதிக்கப்படும்; கட்டுப்படுத்தாது. இவற்றைவிடப் பெரிய எல்லை ஒன்று இருக்கிறது. அதை நான் ஏட்டில் படிப்பதற்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நவராத்திரி சமயம். கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் மன்னர் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகள் ஒலிக்கும். அந்த உற்சாகத்தில் எங்கள் பிள்ளைகள் ஆறு பேர் அவருடைய ஒரு கீர்த்தனைக்கு ஆண்டுவிழாவில் ஆடினார்கள். ஒலிப்பெருக்கியில் போட்டது கடையில் வாங்கிய ஒரு வட்டு. பெற்றோர் பார்த்தார்கள், கண் கலங்கினார்கள். ஊரில் இருக்கும் பாட்டிகளும் பார்க்கட்டும் என்று காணொளியை ஒரு தளத்தில் ஏற்றினோம். மறுநாள் காலைக்குள் ஒலி அகற்றப்பட்டிருந்தது. பிள்ளைகள் ஓசையே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒலிப்பதிவின் உரிமை கோரி ஓர் இசை நிறுவனத்தின் அறிவிப்பு கீழே இருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். 1846இல் மறைந்த அரசரின் பாட்டுக்கு இன்று யார் உரிமை கொண்டாடுவது? பிறகு நிதானமாகப் படித்தபோது, நான் இரண்டு பொருள்களை ஒன்றாகக் குழப்பியிருந்தது தெரிந்தது. கீர்த்தனை எல்லோருக்கும் சொந்தம். அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு வேறொரு படைப்பு. வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகள் அதற்குப் பதிப்புரிமை உண்டு. பள்ளி விழாவில் ஆசிரியர், மாணவர், பெற்றோர் முன்னிலையில் அதை ஒலிக்கவிட 52ஆம் பிரிவே அனுமதிக்கிறது. இணையத்தில் ஏற்றியதும் கேட்பவர் கூட்டம் அந்த வட்டத்தைத் தாண்டிவிட்டது. சலுகை பள்ளி வாசல்வரை வந்து நின்றுகொண்டது. நாங்கள் மட்டும் வாசலைக் கடந்து போய்விட்டோம். அடுத்த ஆண்டு பாட்டு டீச்சரும் நான்கு பிள்ளைகளும் அதே கீர்த்தனையைத் தாங்களே பாடினார்கள். அந்தக் காணொளி இன்றும் ஓசையோடு இருக்கிறது.

இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் திறந்த உரிமத்தின் இடம் தானாகப் புரியும். வகுப்புக்குள் நமக்குச் சட்டம் துணை. வாசலுக்கு வெளியே, அதாவது பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பும்போதும், இணையத்தில் வைக்கும்போதும், அச்சிட்டுக் கொடுக்கும்போதும் உரிமம் துணை. சட்டத்தை முதலில் படி, உரிமத்தை அடுத்துப் படி என்று நான் சொல்வது இதனால்தான். உரிமத்தை மட்டும் படித்தவர் வகுப்புக்குள்ளேயே வாசல் கட்டிக்கொள்வார். சட்டத்தை மட்டும் படித்தவர் எங்களைப் போல் ஓசையற்ற காணொளியில் போய் முடிவார்.

எங்கள் நிலைமைக்கு இது இன்னும் அவசரம். கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளில் நடக்கிறது. மொத்தம் நான்கு லட்சத்துக்கு மேல் எழுதுகிறார்கள். தமிழ்வழியில் எழுதுவோர் இரண்டாயிரத்தை ஒட்டியே இருக்கிறார்கள். திருவனந்தபுரம், பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் இந்தப் பிள்ளைகளுக்காக எந்தத் தனியார் பதிப்பகமும் வழிகாட்டி நூல் போடுவதில்லை, போட்டால் கட்டுபடியாகாது. தமிழ்நாட்டு வழிகாட்டிகள் வேறு பாடத்திட்டத்துக்கானவை. ஆகவே பயிற்சித்தாளும் குறிப்பும் படமும் நாங்களே செய்ய வேண்டும். செய்வது என்றால் பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருப்பதை மொழிபெயர்ப்பது. அங்கேதான் இடிக்கிறது. மொழிபெயர்ப்பைச் சட்டம் உரிமையாளரின் தனி உரிமையாக வைத்திருக்கிறது. ஆசிரியருக்கான உட்பிரிவோ படியெடுத்தலைப் பற்றித்தான் பேசுகிறது. நூல் வெளியாகி ஏழாண்டு கழித்து விண்ணப்பித்துக் கட்டாய உரிமம் பெறும் வழி உண்டு. வெளிநாட்டு நூலுக்குக் கற்பித்தல் நோக்கத்தில் அதைவிடக் குறைந்த காலம் போதும். பதினெட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சித்தாளோடு எந்த ஆசிரியர் அந்தப் படி ஏறுவார்?

இந்தக் கோணத்திலிருந்துதான் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களை நான் எடைபோடுகிறேன். அவற்றில் 'மாற்றக் கூடாது' என்ற நிபந்தனை உள்ளவை, மொழிபெயர்த்துப் பகிர்வதையும் தடுக்கின்றன. பெரிய மொழியில் படிக்கும் பிள்ளைக்கு அந்த உரிமம் திறந்த கதவு. தமிழ்வழிப் பிள்ளைக்கு அது கண்ணாடிக் கதவு. பார்க்கலாம், நுழைய முடியாது. கல்விப் பொருளுக்கு அந்த நிபந்தனையைப் போடுகிறவர்கள், தங்கள் எழுத்தைச் சிதையாமல் காக்கிறோம் என்று நம்புகிறார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் விலையைச் சிறுமொழிகள் கொடுக்கின்றன. 2019இல் யுனெஸ்கோ நிறைவேற்றிய பரிந்துரை, திறந்த கல்வி வளம் என்றால் தழுவி மாற்றவும் இடம் தர வேண்டும் என்று வரையறுத்தது. அந்த அளவுகோலில் இந்த நிபந்தனை தேறாது. அது தேறவில்லை என்றே நானும் சொல்வேன்.

திறந்த உரிமம் வேலை செய்யும் விதத்தை இதயப் படம் ஒன்றில் பார்த்தேன். விக்கிமீடியா பொதுவகத்தில் இதயத்தின் குறுக்குவெட்டுப் படம், ஆங்கிலப் பெயர்களோடு, மாற்ற அனுமதிக்கும் உரிமத்தில் இருந்தது. எங்கள் பிள்ளைகள் கணினிப் பாடத்தில் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைக் கற்றவர்கள். இரண்டு பேர் உட்கார்ந்து ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக அழித்துத் தமிழ்ச் சொற்களைத் தட்டினார்கள். வலப்பக்க மேலறைக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் ஏட்ரியம். இலங்கைப் பாடநூலில் சோணையறை. கீழறை முன்னதில் வெண்ட்ரிக்கிள், பின்னதில் இதயவறை. எதைப் போடுவது என்று கால்மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் இரண்டையும் போட்டார்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. அடியில் தலைப்பு, வரைந்தவர், எடுத்த இடம், உரிமம் என்ற நான்கையும் எழுதி, தாங்கள் மாற்றியதையும் குறிப்பிட்டார்கள். எந்தப் பாடநூலிலும் நான் பார்த்திராத இதயம் அது. அந்த வாரம் அவர்கள் இதயத்தைப் பற்றிக் கற்றதற்குக் குறையாமல் பிறர் உழைப்புக்கு மரியாதை செய்வதையும் கற்றார்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்று நம் கண்முன்னேயே நடக்கிறது. ஆசிரியர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் தினமும் குறிப்புகள் வந்து விழுகின்றன. பெயர் இருக்காது, உரிமம் பற்றி ஒரு வரியும் இருக்காது. தாராள மனத்தோடுதான் பகிர்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அந்தத் தாராளத்துக்கு உருவமே இல்லை. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதியவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் அது நீடிக்கும். எனக்கு உயிரியல் சொல்லித்தந்த சார், தமிழ்வழிப் பிள்ளைகளுக்காக முப்பது ஆண்டுகள் கையால் எழுதிச் சேர்த்த குறிப்புகள் நான்கு கட்டு என்னிடம் இருக்கின்றன. நீல மையில் ஓரம் ஒட்டிய எழுத்து, ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு சிறு புதிர். "யாருக்கு வேணும்னாலும் கொடும்மா" என்றுதான் தந்தார். வாயால் சொன்னார். அவர் இப்போது இல்லை. அந்தக் குறிப்புகளை அச்சாக்கி மூன்று மாவட்டத்துப் பள்ளிகளுக்கும் கொடுக்க வேண்டுமானால் அவருடைய வாரிசுகள் அனைவரின் ஒப்புதலும் வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போது முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியாமல் போய்விட்டது.

அப்படி அவர் எழுதியிருந்தாலும் இன்னொரு சிக்கல் எழுந்திருக்கலாம். பணி ஒப்பந்தத்தின்கீழ், வேலையின் பகுதியாக உருவாக்கிய படைப்புக்கு முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே என்கிறது 17ஆம் பிரிவு. அரசுப் படைப்பென்றால் அரசு. ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் தன் பயிற்சித்தாளில் திறந்த உரிமம் குறிக்கத் தனக்கு அதிகாரம் உண்டா என்று ஐயப்பட்டால், அந்த ஐயம் நியாயமானது. தனி ஆசிரியரின் நல்ல மனத்தால் அதைத் தீர்க்க முடியாது. அரசு ஆணையால் முடியும்.

அந்த வகையில் கேரளத்தின் கணக்கு பெருமைக்கும் கேள்விக்கும் உரியது. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு தொடங்கிய, பள்ளிகளுக்கான அரசின் கணினிக் கல்வித் திட்டமான ஐடி அட் ஸ்கூல் சில ஆண்டுகளில் தனியுரிமை மென்பொருளைக் கைவிட்டுக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அதன் இன்றைய வடிவான கைட் நிறுவனம், இதனால் ஏறத்தாழ ரூ.3,000 கோடி மிச்சம் என்று 2019இல் கணக்குச் சொன்னது. உள்ளடக்கத்திலும் முன்கை எடுத்த மாநிலம் இது. அரசின் கலைக்களஞ்சியமான சர்வவிஞ்ஞானகோசத்தைத் திறந்த உரிமத்தில் வெளியிட 2008இல் முடிவெடுத்தார்கள். 2009இல் தொடங்கிய ஸ்கூல்விக்கியில் பள்ளிகள் தங்கள் வரலாற்றைத் தாங்களே, திறந்த உரிமத்தில் எழுதுகின்றன.

தமிழ்நாடு வேறு வழியில் போனது. பாரதியின் உரிமையை 1949இல் அரசு வாங்கியது. 1955இல் மக்களுக்குப் பொதுவாக்கியது. அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள், குடும்பத்துக்குத் தொகை கொடுத்து நாட்டுடைமை ஆயின. அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்குத் தந்திருக்கிறது. எழுதியவர் வீட்டுக்கும் ஏதோ போய்ச் சேர்கிறது, படைப்பும் முழுதாக விடுபடுகிறது என்பது இதன் சிறப்பு. ஆனால் இது பெரும்பாலும் மறைந்தவர்களுக்கான வழி. நேற்று எழுதிய வேதியியல் குறிப்பை எந்த அரசும் நாட்டுடைமை ஆக்காது. மத்தியிலோ இரட்டை நிலை. என்.சி.இ.ஆர்.டி. 2013இல் தொடங்கிய வளக் களஞ்சியம் திறந்த உரிமத்தைக் கொள்கையாக ஏற்றது. அதே நிறுவனத்தின் பாடநூலைத் திறந்தால் முன்பக்கத்தில் எந்தப் பகுதியையும் அனுமதியின்றிப் படியெடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை. மக்கள் வரிப்பணத்தில் எழுதிய பாடநூலை ஒரு சிறுமொழி ஆசிரியர் மொழிபெயர்க்க அனுமதி கேட்டு நிற்க வேண்டும் என்பதற்கு நான் தேடிய வரையில் நியாயம் கிடைக்கவில்லை.

கடைசியாக 'வணிகத்துக்குக் கூடாது' என்ற நிபந்தனை. ஆசிரியர்கள் அதிகம் விரும்புவது இதைத்தான். நம் உழைப்பை எவனோ விற்றுக் காசாக்குவதா என்ற மனக்குறை எனக்கும் உண்டு. ஆனால் அண்ணாச்சியை எந்தப் பக்கம் வைப்பது? அவர் காசு வாங்கித்தானே அடிக்கிறார்? அமெரிக்காவில் கிரேட் மைண்ட்ஸ் என்ற கல்வி நிறுவனம், இந்த நிபந்தனையோடு தான் வெளியிட்ட கணக்குப் பாடங்களைப் பள்ளிகளுக்காகக் காசுக்குப் படியெடுத்த ஃபெடெக்ஸ் கடைகள்மீது வழக்கே போட்டது. பள்ளியின் கையாளாகத்தான் கடை வேலை செய்கிறது, அது மீறல் அல்ல என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லும்வரை அந்தக் கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கடைக்காரரையும் ஓர் ஆசிரியரையும் தயங்க வைக்கும் நிபந்தனை, தடுக்க நினைத்த பெரிய வியாபாரியைவிட இவர்களையே முதலில் தடுக்கிறது.

என் தீர்ப்பு இது. பொதுப்பணத்தில் சம்பளம் வாங்குவோர் வகுப்புக்காக உருவாக்கும் பொருள், பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரும் நிபந்தனையோடு, வேறு தடையின்றி வெளிவர வேண்டும். விற்பவர் விற்கட்டும், அவர் சேர்த்த திருத்தமும் அதே உரிமத்தில் நமக்குத் திரும்பி வரும். கதை எழுதி, கவிதை எழுதி அந்த வருமானத்தில் வாழ முயல்பவரிடம் இதை நான் கேட்க மாட்டேன். நம் மொழியில் எழுதிப் பிழைப்பதே அரிது; அவருடைய பதிப்புரிமை அவருடைய அரிசி. நான் பேசுவது ஏற்கெனவே ஊதியம் பெற்ற உழைப்பைப் பற்றி மட்டும்.

சென்ற மாதம் சாருடைய மூத்த மகளை நாகர்கோவிலில் போய்ப் பார்த்தேன். நான் கொண்டுபோன தாளை இரண்டு முறை வாசித்தார். "அப்பா பேரு ஒவ்வொண்ணுலயும் வருமா டீச்சர்?" என்று கேட்டார். வரும், அதை நீக்க யாருக்கும் உரிமை இல்லை என்றேன். கையெழுத்திட்டார், தம்பிகள் இருவரிடமும் வாங்கித் தருவதாகச் சொன்னார். ஒருவர் மஸ்கட்டில் இருக்கிறார். அவருடையது இன்னும் வரவில்லை. முதல் கட்டைத் தட்டச்சு செய்து முடித்திருக்கிறோம். புதிர்களை அப்படியே வைத்திருக்கிறோம்.